தோள்மேல் ஒரு கை

வெர்னன் ஹாஸ்கெட்டுக்கு ஒரு கொள்கை உண்டு. சீருடை போட்டவன் உள்ளே, போடாதவன் வெளியே. டானர்ஸ் பேஸ்பால் அணியின் பழைய படங்கள், டிக்கெட் துண்டுகள், வியர்வைக் கறை போகாத தொப்பிகள் என்று பாதி ஆயுசாகச் சேர்த்து வைத்தவன் அவன். அணியோ அவன் பள்ளிக்கூடம் போன நாளிலேயே கலைந்துவிட்டது. கோர்லிஸ் ஃபால்ஸ் ஊரில் தோல் பதனிட்ட ஆலைகள் இருந்ததால் அணிக்கு அந்தப் பெயர் வந்தது. ஆலைகளும் மூடிப் போயின. மிச்சமிருந்ததெல்லாம் வெர்னனுடைய கராஜுக்குள் இருந்தது. கார் மட்டும் வெளியே பனியில் நின்றது. அவன் மனைவி டோரீன் குளிர்காலம் முழுக்க அதன் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டே அவனைத் திட்டுவாள்.

அவனுக்குக் கிடைக்காமல் தண்ணி காட்டிய படம் ஒன்றே ஒன்றுதான். முப்பத்தேழாம் வருஷக் குழுப் படம். டானர்ஸ் கோப்பையை ஜெயித்தது அந்த ஒரு வருஷம்தான். கடைசி ஆட்டம் முடிந்த கையோடு மைதானத்திலேயே எல்லாரையும் நிறுத்தி எடுத்தது. பழைய செய்தித்தாளில் மங்கலாக அச்சானதை அவன் பார்த்திருக்கிறான். அசல் எங்கே இருக்கிறதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் எண்பத்தொன்பதாம் வருஷம் வசந்தத்தில், அணியின் பழைய மேனேஜருடைய மருமகள் பரண் சாமான்களை ஒழிக்கிறபோது கிடைத்தது. "குப்பைக்குப் போறதுக்குப் பதிலா உங்ககிட்ட இருக்கட்டுமே" என்று கொடுத்துவிட்டாள். வெர்னனுக்குத் தலைகால் புரியவில்லை. வீடு வருகிற வரைக்கும் படத்தை மடியில் வைத்துக்கொண்டே கார் ஓட்டினான்.

இந்தப் படம் என்றைக்காவது வரும் என்று நம்பி, மாதா கோயில் பழைய சாமான் விற்பனையில் ஒரு ஓக் மரச் சட்டம் எப்போதோ வாங்கிப் போட்டிருந்தான். பார்த்தால் படம் சட்டத்தைவிட நாலு விரற்கடை அகலம் அதிகம். வேறு சட்டம் செய்யச் சொல்லியிருக்கலாம். யார் கேட்டார்கள்? செருப்புக்குத் தகுந்தபடி காலை வெட்டுகிற ஆட்களில் நம்ம வெர்னன் முதல் வரிசை. படத்தின் வலது ஓரத்தில் சாதாரண கால்சட்டையும் தட்டைத் தொப்பியுமாக ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான். சீருடை இல்லை. செய்தித்தாள்காரனே அந்த ஓரத்தை விட்டுவிட்டுத்தான் அச்சடித்திருந்தான். வெர்னன் இரும்பு ஸ்கேலை வைத்தான், பிளேடால் ஒரே இழுப்பு. படம் சட்டத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது.

படத்தில் அங்கங்கே பழுப்புக் கறை இருந்தது. அதை எடுக்க என்ன போடலாம் என்று யோசித்தவனுக்கு, வெட்டிய துண்டு கண்ணில் பட்டது. சோதனை செய்ய இதைவிட என்ன வேண்டும்? ஜன்னல் துடைக்கிற திரவத்தைப் பஞ்சில் நனைத்து அதில் தேய்த்துப் பார்த்தான். படமே உரிந்துகொண்டு பஞ்சோடு வந்தது. 'நல்ல வேளை, அசல்ல போடல' என்று பெருமூச்சு விட்டுத் துண்டைச் சுருட்டுப் பெட்டிக்குள் போட்டான். சேகரிக்கிறவன் எதையும் எறிய மாட்டான் அல்லவா.

அக்டோபரில் ஊர் நூலகத்தில் அவனுடைய சேகரிப்பைக் காட்சிக்கு வைத்தார்கள். சனிக்கிழமை மதியம் திறப்பு. டோரீன் கேக் செய்து கொண்டுவந்து ஓர் ஓரமாக நின்று வெட்டிக்கொண்டிருந்தாள். ஊர்க்காரர்கள் நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். வெர்னன் புதுச் சட்டையும் பழைய டானர்ஸ் தொப்பியுமாக முன்னால் வந்து பேசினான். பேசத் தெரியாதவனுக்கு அன்றைக்குப் பார்த்து நாக்கில் சரஸ்வதி.

"புதுசா சேர்க்கிறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்றேன்" என்றான். "எந்த மருந்தையும் நேரா படத்து மேல வைக்காதீங்க. வேண்டாத துண்டு ஒண்ணுல போட்டுப் பாருங்க. இந்தப் படத்து ஓரத்துல கூப்பிடாத கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி ஒருத்தன் நின்னுட்டிருந்தான். அவனைத் தனியா வெட்டி எடுத்தேன். ஜன்னல் துடைக்கிற மருந்தை மூஞ்சில தடவினேன். என்னடான்னு பாத்தா, மூஞ்சியே பஞ்சோட வந்துடுச்சு!"

அவனுடைய சேக்காளி ரஸ் பெல்டியர் பின்னாலிருந்து குரல் கொடுத்தான்: "டேய், அந்த மருந்துல கொஞ்சம் மிச்சம் வை. எங்க மாமியார் கிறிஸ்துமஸுக்கு வர்றா!"

கூடம் கொல்லென்று சிரித்தது. டோரீனும் கத்தியைப் பிடித்தபடி சிரித்தாள். நூலகக்காரி மிஸ் ஓட்வே, சத்தம் போடக் கூடாது என்று தன் கையாலேயே எழுதி மாட்டிய பலகைக்குக் கீழே நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள். வெர்னனுக்கு வாழ்நாளில் அப்படி ஒரு கைதட்டல் கிடைத்ததில்லை.

எல்லாரும் காப்பிக் கோப்பையோடு படங்களைச் சுற்றி நின்ற நேரத்தில் ஓர் அம்மாள் உள்ளே வந்தாள். ஐம்பதைத் தாண்டிய வயது, கையில் சின்னப் பெட்டி, தலையில் மழைத் துளி. பஸ் தாமதம் என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"மிஸ்டர் ஹாஸ்கெட் யாருங்க?"

"நான்தாம்மா. வாங்க, வாங்க."

"நான் லியோனா டுபே. முப்பத்தேழாம் வருஷப் படம் இருக்குன்னு பேப்பர்ல போட்டிருந்துது. அதைப் பாக்கணும்னுதான் வந்தேன்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "எங்கப்பா அதுல இருக்காரு."

வெர்னன் பூரித்துப் போனான். ஆட்டக்காரர் ஒருவருடைய மகள்! "டுபேயா? அப்படி யாரும் அந்த வருஷம் ஆடலையே. கல்யாணத்துக்கு முந்தின பேரு வேறயா?"

"ஆடலைங்க. பஸ் ஓட்டினாரு. லூசியன் டுபே. ஊர் ஊரா ஆடப் போறப்ப வண்டி ஓட்டினவரு. கடைசி ஆட்டத்தன்னிக்கு டிரைவரையும் இழுத்துப் போட்டோவுல நிறுத்துறது இவங்க வழக்கமாம். எங்கம்மா சொல்லுவாங்க. ஓரத்துல நின்னாராம், வெக்கப்பட்டுக்கிட்டு." அவள் சிரித்தாள். "அந்த மார்கழிப் பனியிலயே வண்டி சறுக்கிப் போயிட்டாரு. நான் அப்ப வயித்துல. ஆத்து வெள்ளத்துல வீட்டுல இருந்த படமெல்லாம் போயிடுச்சு, கல்யாணப் படம் உட்பட. நான் அவரு மொகத்தப் பாத்ததே இல்லீங்க. எங்க இருக்கு படம்?"

கூடத்தில் ஒவ்வொரு பேச்சாக அடங்கியது. ரஸ் காப்பிக் கோப்பைக்குள் எதையோ தேடினான். டோரீனின் கத்தி கேக்கில் பாதியில் நின்றது. வெர்னன் முகத்தில் ஈயாடவில்லை. டானர்ஸ் பற்றித் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று மார்தட்டுகிறவனுக்கு டிரைவர் வழக்கம் மட்டும் தெரியாமல் போயிற்று. சீருடை போட்டவர்களைப் பற்றி மட்டும்தானே அவன் படித்திருந்தான்.

அவள் தானாகவே படத்தைக் கண்டுபிடித்து முன்னால் போய் நின்றாள். இடமிருந்து வலமாக ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். வலது ஓரத்துக்கு வந்ததும் நின்றாள். மறுபடியும் முதலிலிருந்து பார்த்தாள்.

"இதுல இல்லையே" என்றாள். "ஓரத்துல வேற யாராவது இருந்தாங்களா?"

அந்த ஒரு கணத்தில் வெர்னன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இந்தக் கதை இதோடு முடிந்திருக்கும்.

"எங்கிட்ட வந்தப்பவே இப்படித்தாம்மா இருந்துது" என்றான்.

சற்றுமுன் சிரித்த அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் பேசாமல் இருந்ததுதான் அவனைக் கொன்றது. யாராவது ஒருத்தர் 'அடப்பாவி' என்றிருந்தால்கூடத் தேவலை. எல்லாரும் சேர்ந்து அவனைக் காப்பாற்றினார்கள்.

லியோனா கண்ணாடிக்கு மிக அருகில் குனிந்தாள். "அப்போ இந்தக் கை யாரோடதுங்க?"

வரிசையில் கடைசியாக நின்றவன் ஹால் பிரிகாம், ஷார்ட்ஸ்டாப் இடத்தில் ஆடியவன். அவனுடைய இடது தோளில் வெளியிலிருந்து வந்த ஒரு கை உட்கார்ந்திருந்தது. மணிக்கட்டோடு சரி, அதற்கப்பால் சட்டம். கோடை முழுக்கப் பூதக்கண்ணாடி வைத்து அந்தப் படத்தைப் பார்த்தவன் வெர்னன். எவன் காலணி நாடா அவிழ்ந்திருக்கிறது என்று கேட்டால் சொல்வான். அந்தக் கையை அவன் பார்த்ததே இல்லை.

"மோதிர விரல் பாதிதான் இருக்கு" என்றாள் லியோனா. குரல் உடைந்தது. "ஆலையில உருளையில மாட்டிக்கிட்டு விரல் போச்சு, அதுக்கப்புறம்தான் வண்டி ஓட்டப் போனாருன்னு அம்மா சொல்லுவாங்க. இது அவருதான். பாருங்க, இது எங்கப்பாதான்."

மிஸ் ஓட்வே மூக்கைச் சிந்திக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டாள்.

"யாரோ ஒரு புண்ணியவான் வெட்டிப்புட்டான் போல. போகட்டும், கையாவது கிடைச்சுதே" என்று லியோனா வெர்னனுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "ரொம்ப நன்றிங்க. நீங்க பத்திரமா வச்சிருக்கலேன்னா இதுவும் எனக்குக் கிடைச்சிருக்காது."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது வெர்னனுக்கு. அவள் கையிலிருந்து தன் கையை எப்படி எடுப்பது என்றுகூடத் தெரியவில்லை. அதற்குள் ஊர்க்காரர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் நாற்காலி போட்டார், ஒருவர் காப்பி கொடுத்தார், ரஸ் ஓடிப்போய்ப் பெரிய துண்டாகக் கேக் எடுத்து வந்தான். 'எவ்வளவு நல்ல ஊர்' என்று அவள் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். இரவு பஸ் நிலையத்துப் பக்கத்து விடுதியில் தங்கிக் காலை வண்டியில் போவதாகச் சொன்னாள்.

 வீட்டு வாசலில் கார் நின்ற பிறகும் டோரீன் இறங்கவில்லை.

"அந்தத் துண்டு இருக்கா?"

"கராஜ்ல இருக்கு. ஆனா மூஞ்சி…"

"தெரியும். நீதான் மேடையேறிச் சொன்னியே."

"எல்லாரும்தான் சிரிச்சாங்க டோரீன்."

"நானும்தான் சிரிச்சேன். அதுக்கு நான் அனுபவிச்சுக்கறேன். பொய் சொன்னது நீ. அது உன்னோடது." கதவைத் திறந்தாள். "காலையில பஸ் கிளம்பறதுக்குள்ள போ. நான் கூட வர மாட்டேன். என்னைப் பக்கத்துல வச்சுக்கிட்டா நீ மறுபடியும் பொய் சொல்லுவே."

சுருட்டுப் பெட்டிக்குள் துண்டு அப்படியே இருந்தது. நன்றாகத் துடைத்த காலணி. இஸ்திரி போட்ட கால்சட்டை. படத்துக்கென்றே போட்டுவந்திருக்க வேண்டும். ஒரு கை பைக்குள். மற்றக் கை நீண்டு, வெட்டிய விளிம்பில் முடிந்தது. சட்டைக் காலருக்கும் தொப்பிக்கும் நடுவே வெள்ளையாக ஒரு தீற்றல்.

வெர்னன் கண்ணை மூடிக்கொண்டு நினைவுபடுத்திப் பார்த்தான். மீசை இருந்ததா? சிரித்தாரா? மூக்கு எப்படி? ஒன்றும் வரவில்லை. பஞ்சு கறுத்தது மட்டும் ஞாபகம் வந்தது. தேய்த்தபோது அவன் பார்த்தது பஞ்சைத்தான்.

மறுநாள் காலை மிஸ் ஓட்வே ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் நூலகக் கதவைத் திறந்துவிட்டாள். ஏன் என்று கேட்கவும் இல்லை, அவன் முகத்தைப் பார்க்கவும் இல்லை. வெர்னன் சட்டத்தோடு படத்தைப் போர்வையில் சுற்றிக்கொண்டு பஸ் நிலையத்து உணவுக்கடைக்குப் போனான். போகிற வழியெல்லாம் ஒரு பொய்யை ஜோடித்துக்கொண்டே போனான்: படம் கிடைத்த பரணில் தேடினேன், துண்டு கிடைத்தது, ஈரம் பட்டு முகம் அழிந்திருக்கிறது. நல்ல பொய். அவளுக்கும் மனசு ஆறும். யாருக்கும் கெட்ட பெயர் இல்லை.

லியோனா ஜன்னலோரம் முட்டையும் டோஸ்ட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அட, வழியனுப்பவா வந்தீங்க? உக்காருங்க, காப்பி சொல்றேன்."

அந்த உபசரிப்பில் அவன் ஜோடித்ததெல்லாம் கலைந்தது. உட்காராமலே துண்டை எடுத்து அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"நான் பொய் சொன்னேம்மா. வெட்டினது நான்தான். சட்டத்துக்குள்ள அடங்கலைன்னு வெட்டினேன். அப்புறம் மருந்து சோதிக்கறேன்னு மூஞ்சியையும் துடைச்சுட்டேன். சீருடை இல்லாததால யாரோ வேண்டாத ஆளுன்னு நெனச்சேன்."

அவள் துண்டைக் கையில் எடுத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு, "உசரமா இருந்திருக்காரு" என்றாள். "அம்மா சொல்லவே இல்ல." காலணியைப் பார்த்தாள், கால்சட்டை மடிப்பைப் பார்த்தாள், கையிலிருந்து மேலே ஏறி வெள்ளைத் தீற்றலுக்கு வந்தாள். விரலால் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"நேத்து அங்க இருந்தவங்களுக்கெல்லாம் தெரியுமா?"

"தெரியும். நீங்க வர்றதுக்கு முன்னாடி நான் இதைச் சொல்லித்தான் சிரிக்க வச்சேன்."

"ஓ" என்றாள். "அதான் எனக்கு அவ்வளவு பெரிய கேக்கு."

அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கூனிக் குறுகி நின்றவனைப் பரிமாறுகிற பெண் சுற்றிக்கொண்டு போனாள். லியோனா நிமிர்ந்து நேராக அவன் கண்ணைப் பார்த்தாள்.

"சரி. நீங்க பாத்தீங்கல்ல? எப்படி இருந்தாரு? துடைக்கறதுக்கு முன்னாடி?"

இதை அவன் எதிர்பார்க்கவே இல்லை. உங்க மாதிரியே சிரிச்ச முகம்மா என்று சொன்னால் போதும். ஆயுள் முழுக்க அவள் அதை வைத்துக்கொண்டு வாழ்ந்துவிடுவாள். பொய் என்று கண்டுபிடிக்க உலகத்தில் ஓர் ஆள் இல்லை. அந்த முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கிடைத்தவன் அவன் ஒருவன்தான்.

"நான் பாக்கலைம்மா" என்றான். "கையில வச்சிருந்தேன். பாக்கலை."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே பஸ் வந்து நின்றிருந்தது. வெர்னன் அவசர அவசரமாகப் போர்வையை அவிழ்த்தான். "இந்தப் படம் முழுசையும் எடுத்துக்கங்க. சட்டத்தோட. இனிமே இது எனக்கு வேண்டாம்."

"எனக்கும் வேண்டாம். இவங்க யாரையும் எனக்குத் தெரியாது." லியோனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்கப்பா கையை மட்டும் வெட்டிக் குடுங்க."

"என்னது?"

"கையை. நல்லாத்தான் வெட்டுவீங்களே."

 முப்பத்தேழாம் வருஷப் படம், இருப்பதே இது ஒன்றுதான். வெர்னன் மேசைக் கத்தியால் சட்டத்தின் ஆணிகளை நெம்பினான். படத்தை வெளியே எடுத்துத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பரப்பினான். சட்டைப் பையில் பிளேடு எப்போதும் இருக்கும்; அதை எடுத்தான்.

"மெதுவாவே பண்ணுங்க" என்றாள் லியோனா. "விரலெல்லாம் முழுசா வரணும். அந்தப் பாதி விரலும்."

கையைச் சுற்றி வெட்டினான். ஹால் பிரிகாமின் தோளும் கொஞ்சம் சேர்ந்து வந்தது. அதை விட்டுவிட்டு வெட்ட வழியில்லை. அவள் கையைத் துண்டின் விளிம்போடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். மணிக்கட்டு மணிக்கட்டோடு பொருந்தியது. இரண்டையும் கைக்குட்டையில் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. வெர்னனுக்கு அதில் கொஞ்சம் ஆறுதல்கூட இருந்தது.

டிரைவர் கதவருகில் வந்து, "ஏறலாம்மா, நேரமாச்சு" என்றான். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு, "உங்க பேரு என்னப்பா?" என்று அவனைக் கேட்டபடியே படியேறினாள்.

படம் அன்றைக்கே நூலகச் சுவருக்குத் திரும்பியது. ஷார்ட்ஸ்டாப்பின் தோளில் ஒரு கை அளவுக்கு ஓட்டை. பின்னால் கறுப்புத் தாள் ஒட்டினால் தெரியாது என்று ரஸ் யோசனை சொன்னான். வெர்னன் வெள்ளைத் தாளையே ஒட்டினான். வருகிறவர்கள் வேறெதையும் பார்ப்பதில்லை, நேராக அதைத்தான் கேட்கிறார்கள். அங்கே லூசியன் டுபே கை வைத்திருந்தார், அணியின் பஸ் டிரைவர் என்று வெர்னன் சொல்வான். அப்படியானால் ஆள் எங்கே என்று அடுத்தபடி கேட்பார்கள். அதற்கும் அவன் பதில் சொல்வான்.